பழைய வொர்க்ஸ்டேஷனில் இன்றைய இணையத்தைப் படிக்க ஒரு மதகு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 5 வகை வொர்க்ஸ்டேஷன் (ஆய்வகங்களில் பயன்பட்ட வலுவான மேசைக் கணினி) ஒன்று பாளையங்கோட்டையில் என் வீட்டு மேசைமீது இருக்கிறது. 110 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2 செயலி, 128 மெகாபைட் நினைவகம், நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஈதர்நெட், 256 நிறங்கள் மட்டும் காட்டும் திரை ஆகியவையே அதன் மொத்தச் சொத்து. அதில் நெட்ஸ்கேப் உலாவியைத் திறந்து இன்றைய செய்தித்தாள் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால், உலாவிக்கும் அந்தச் சர்வருக்கும் பொதுவான மறையாக்க முறை (தகவலைப் பிறர் படிக்காதபடி மறைத்து அனுப்பும் முறை) ஏதும் இல்லை என்று சொல்லும் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அத்தோடு எல்லாம் நின்றுவிடும்.

இந்த வகைக் கணினிகளில்தான் வலை பிறந்து வளர்ந்தது என்பதை நினைத்தால் அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை 1990-இல் செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினி ஒன்றில்தான் எழுதினார். 1993-இல் வெளிவந்து வலையை உலகுக்கு அறிமுகப்படுத்திய மொசைக் உலாவியும் முதலில் யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களின் எக்ஸ் விண்டோ என்னும் சாளர அமைப்புக்காகவே எழுதப்பட்டது. ஆகவே, இந்த இயந்திரங்களை மீண்டும் வலையைப் படிக்க வைப்பதற்கான வழியை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஸ்பார்க்ஸ்டேஷனை வைத்துச் சொன்னாலும், சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி, சன் அல்ட்ரா 5 போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வழியின் சாரத்தை நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே படத்தில் காட்டிவிடலாம். தாமிரபரணியில் தண்ணீர் கரைபுரண்டு போகும்போது யாரும் ஆற்றை நேராக நாற்றங்காலுக்குள் திருப்புவதில்லை. பழவூர் அணைக்கட்டில் தடுத்து, பாளையங்கால்வாயில் விட்டு, மதகில் அளந்து, மடை வழியாகத்தான் வயலுக்குக் கொண்டுவருகிறோம். பழைய கணினிக்கும் இன்றைய வலைக்கும் நடுவே அப்படியொரு மதகு வேண்டும். அந்த மதகாக ஒரு சிறிய புதுக் கணினியை வைத்து, மறையாக்கத்தையும் கனமான பக்கங்களையும் அது தாங்கிக்கொள்ளும்படி செய்துவிட்டால், பழைய கணினி தன்னால் இயன்ற வேலையை நிம்மதியாகச் செய்யும்.

எங்கே தடைபடுகிறது

மதகு கட்டுமுன் தண்ணீர் எங்கே உடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உடைப்பு மறையாக்கத்தில் இருக்கிறது. நெட்ஸ்கேப் 4 வரிசை 1996-இல் வந்த எஸ்எஸ்எல் 3 என்னும் மறையாக்க மொழி வரைதான் பேசும். அதற்குப் பின் 1999-இல் டிஎல்எஸ் 1.0, 2006-இல் 1.1, 2008-இல் 1.2, 2018-இல் 1.3 என்று மொழி மாறிக்கொண்டே வந்தது. எஸ்எஸ்எல் 3-இல் 2014-இல் கண்டறியப்பட்ட பூடில் என்னும் ஓட்டைக்குப் பின் சர்வர்கள் அதைக் கைவிட்டன. 2020 அளவில் முக்கிய உலாவிகள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்திவிட்டன. இன்னொரு செய்தியும் இதில் உண்டு. 2000-ஆம் ஆண்டில் தளர்த்தப்படும்வரை, வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்ததால், வெளிநாடுகளுக்கென்று வந்த நெட்ஸ்கேப் பதிப்புகளில் 40 பிட் சாவிகளே பொதுவாக இருந்தன. நம் ஊருக்கு வந்துசேர்ந்த பழைய குறுந்தகடுகளிலும் அந்தப் பதிப்பே இருக்கக்கூடும்.

மறையாக்கத்தைத் தாண்டினாலும், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் தடுக்கும். அதைச் சரிபார்க்க உலாவிக்குள் பதிந்திருக்கும் வேர்ச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். அதோடு, கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவுமே இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்றுதான் அது சொல்லும். அதையும் தாண்டினால் பக்கத்தின் கனம் வரும். இன்று ஒரு சராசரிப் பக்கம் 2 மெகாபைட்டுக்கு மேல் எடை உள்ளது. அதில் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட்டும் படங்களுமே. 2015-க்குப் பின் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் சில வரிகளிலேயே பழைய உலாவி இலக்கணப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். வெப்பி, ஏவிஐஎஃப் வகைப் படங்களை அது பெயரளவில்கூட அறியாது. நான்காவது உடைப்பு தமிழ். அதற்கு ஒரு தனிப் பகுதியே வேண்டும் என்பதால் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கணினியை எழுப்புதல்

என்னிடம் இருக்கும் கணினி, கல்லூரி ஆய்வகம் ஒன்று கழித்துவிட்ட பொருள்களோடு பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. “அண்ணாச்சி, இதுல செம்பு ஒண்ணும் பெருசாத் தேறாது, வேணும்னா எடைக்கே எடுத்துக்கிடுங்க” என்று கடைக்காரர் கொடுத்தார். அவர் சொன்ன விலை நியாயமானதுதான்; ஆனால் திரைக்குப் போகும் கம்பியைச் செம்புக்காக ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் கம்பிதான் கிடைப்பதற்கு அரியது. ஆகவே, பழைய வொர்க்ஸ்டேஷன் எங்கேயாவது கண்ணில் பட்டால் பெட்டியைவிட முதலில் கம்பிகளையும் விசைப்பலகையையும் கைப்பற்றுங்கள். திரைக்கு 13டபிள்யூ3 என்னும் இணைப்பான் தேவை. விசைப்பலகையும் சுட்டியும் சன் கணினிக்கே உரிய எட்டு ஊசிச் செருகியில் வருபவை, நம் கடைகளில் விற்கும் விசைப்பலகை அதில் பொருந்தாது. 13டபிள்யூ3-ஐ விஜிஏ-வாக மாற்றும் இணைப்பான் வாங்கலாம். ஆனால் சன் கணினிகளின் வழக்கமான 1152க்கு 900 அளவையும், ஒத்திசைவுக் குறிப்பை அவை அனுப்பும் முறையையும் ஏற்காத எல்சிடி திரைகள் உண்டு. வாங்குமுன் திரையைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள். எதுவுமே கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம்: விசைப்பலகை செருகப்படாத சன் கணினி தானாகவே சீரியல் வாசலில் 9600 வேகத்தில் பேசத் தொடங்கும், அதன் வழியாக மற்றொரு கணினியிலிருந்து எல்லா அமைப்புகளையும் செய்துவிடலாம்.

மின்சாரம் கொடுக்குமுன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். என் பெட்டிக்குள் மின்வழங்கியின் காற்றுத்துளை ஓரமாகப் பல்லி முட்டையோடுகள் நான்கும், பலகைமீது செவ்வெறும்பு கொண்டுவந்து சேர்த்த மண்ணும் இருந்தன. தூரிகையால் துடைத்து, இணைப்பான்களை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்து, ஒரு நாள் முழுதும் காயவிட்ட பிறகே விசையைப் போட்டேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கும்போது பழைய பலகைகள் ஏமாற்றும்.

சன் கணினிகளில் எல்லோரையும் தடுமாற வைப்பது என்விராம் என்னும் சிறு சில்லு. ஸ்பார்க்ஸ்டேஷன் 5-இல் இருப்பது எம்48டி08. அதன் வயிற்றுக்குள்ளேயே மின்கலம் புதைக்கப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் அந்த மின்கலம் தீர்ந்திருக்கும். தீர்ந்தால் கடிகாரம் மட்டுமா போகும்? கணினியின் ஈதர்நெட் முகவரியும் அதில்தான் இருக்கிறது. ஆகவே அடையாளத் தரவு செல்லாது என்ற செய்தியோடு, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எஃப் எழுத்துகளாக நிரம்பியிருக்கும். அந்த நிலையில் வலையமைப்பு இயங்காது. ‘ஓகே’ என்று காத்திருக்கும் தொடக்கநிலைத் திரையில் எம்கேபி என்னும் கட்டளையால் அடையாளத்தை ஒவ்வொரு பைட்டாகத் திரும்ப எழுதலாம். சன் கணினிகளின் ஈதர்நெட் முகவரி 08, 00, 20 என்று தொடங்கும். மீதி மூன்று பைட்டுகளை வீட்டில் வேறெந்தக் கருவிக்கும் இல்லாதபடி நீங்களே வைத்துக்கொள்ளலாம், பழைய முகவரி எங்கேயாவது ஒட்டுத்தாளில் இருந்தால் அதையே எழுதுவது நல்லது. ஆனால் இப்படி எழுதியது மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். நிலையான தீர்வு வேண்டுமானால் புதுச் சில்லு வாங்க வேண்டும், அல்லது பழைய சில்லின் மேற்பகுதியை அரத்தால் கவனமாகத் தேய்த்து, உள்ளே இருக்கும் மின்கலத் தொடர்பை அறுத்து, வெளியே ஒரு நாணய மின்கலத்தைப் பற்றவைக்க வேண்டும். கை நடுக்கம் இல்லாத ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்.

வட்டைப் பொறுத்தவரை, ஸ்கசி வட்டுபோல நடிக்கும் ப்ளூஸ்கசி, சூலுஸ்கசி போன்ற சிறு பலகைகளில் எஸ்டி அட்டையைப் போட்டுப் பயன்படுத்துவதே நல்லது. பழைய வட்டு சுற்றினால் அதிலுள்ளதை முதலில் பிரதி எடுத்துவிடுங்கள்.

வலையமைப்பில் சேர்த்தல்

இது சுருக்கமான வேலை. 10 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவராத புதிய ரவுட்டர் வாசல்கள் உண்டு. அப்படியானால் நடுவே ஒரு சாதாரண 10/100 சுவிட்ச் போதும். கணினிக்கு நிலையான ஐபி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். சன்னின் இயங்குதளமான சோலாரிஸைப் பயன்படுத்துவோர் பலர் பெயரைக் கொடுத்தால் கிடைக்கவில்லை, எண்ணைக் கொடுத்தால் கிடைக்கிறது என்று நாள்கணக்கில் தேடுவார்கள். காரணம், பெயர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்ற வரியில் டிஎன்எஸ் என்ற சொல் தொடக்கத்தில் இருக்காது. அதைச் சேர்த்தால் தீரும். மதகுக் கணினியை எண்ணாலேயே அழைக்கப்போகிறோம் என்பதால் நம் வேலைக்கு அதுகூடக் கட்டாயம் இல்லை. பெயர் தேடும் பொறுப்பையும் மதகே எடுத்துக்கொள்ளும்.

மதகுக் கணினி

மதகாக வைக்க ராஸ்பெரி பை 4 பலகை ஒன்றோ, வீட்டில் சும்மா கிடக்கும் 64 பிட் மடிக்கணினியோ போதும். லினக்ஸ் போட்டு, அதற்கும் ஒரு நிலையான எண் கொடுங்கள். அதில் ஓட்டுவதற்கு இரண்டு வகை மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் இரண்டு வேலைகளுக்கு உரியவை என்பதால், நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

முதலாவது வெப்ஒன். இது பழைய பொருளில் ஒரு பிராக்ஸி, அதாவது உலாவிக்காக வெளியே கேட்டு வாங்கித் தரும் இடையாள். நெட்ஸ்கேப்பின் விருப்பங்களில் உயர்நிலை என்ற பிரிவுக்குப் போய், பிராக்ஸியைக் கையால் அமைக்கும் பெட்டியில் எச்டிடிபி என்பதற்கு நேராக மதகின் எண்ணையும் 8080 என்ற வாசலையும் எழுதினால் முடிந்தது. பழைய கணினி மறையாக்கம் இல்லாமல் மதகிடம் கேட்கும். மதகு வெளியே டிஎல்எஸ் பேசி வாங்கி, பக்கத்திலுள்ள பாதுகாப்பான இணைப்புகளைச் சாதாரண இணைப்புகளாக மாற்றிக் கொடுக்கும். இமேஜ்மேஜிக் நிறுவப்பட்டிருந்தால் புதிய வகைப் படங்களையும் பழைய வகைக்கு மாற்றும்படி அமைக்கலாம். எளிமையாக எழுதப்பட்ட பக்கங்கள் இதன் வழியாக அழகாக வரும்: உங்கள் நெட்ஸ்கேப்பே எழுத்துகளை அமைக்கும், உருட்டும், அச்சிடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டால் மட்டுமே உருவாகும் பக்கங்கள் வெறுமையாகவே நிற்கும்.

இந்த வழியில் போவோர் நெட்ஸ்கேப் 4-இல் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட வேண்டும். அதை அணைத்தால் அந்த உலாவியில், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் நடைத்தாள்களும் சேர்ந்து அணைந்துவிடும். அதுவே நமக்கு நன்மை. இன்றைய நடைத்தாளைப் பாதி புரிந்துகொண்டு எழுத்துமேல் எழுத்தை அடுக்குவதைவிட, நடைத்தாளே இல்லாமல் மேலிருந்து கீழாக வரிசையாகக் காட்டுவது படிக்க எவ்வளவோ மேல்.

இரண்டாவது டபிள்யூஆர்பி. இது பிராக்ஸியாக அமைக்கப்படுவதில்லை. உலாவியில் மதகின் எண்ணையும் 8080 வாசலையும் ஒரு முகவரியாகவே திறக்க வேண்டும். இரண்டு மென்பொருள்களும் வழக்கமாக 8080-ஐயே கேட்கும் என்பதால், ஒன்றை வேறு வாசலுக்கு மாற்றி வையுங்கள். டபிள்யூஆர்பி மதகுக் கணினியில் குரோமியம் உலாவியைத் திரைமறைவில் ஓட்டி, பக்கத்தை முழுமையாக உருவாக்கி, அதை ஒரு ஜிஃப் படமாகப் பிடித்துப் பழைய கணினிக்கு அனுப்புகிறது. அந்தப் படத்தின்மேல் நீங்கள் சொடுக்கும் இடத்தின் குறுக்கு நெடுக்கு அளவுகள் மதகுக்குத் திரும்பிப் போய், அங்கே குரோமியத்தில் அதே இடம் சொடுக்கப்படும். மொசைக் காலத்துப் படவரைபட வசதியை இதற்குப் பயன்படுத்தியிருப்பதால் மிகப் பழைய உலாவியிலும் வேலை செய்கிறது. தட்டச்சு செய்ய வேண்டியதை மேலே உள்ள பெட்டியில் எழுதி அனுப்ப வேண்டும்.

அதன் வழக்கமான அமைப்பு 1152க்கு 600 அளவும் 216 நிறங்களும் ஆகும். 216 என்பது தற்செயலான எண் அன்று: 256 நிறத் திரையில் நெட்ஸ்கேப் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் நிறக்கட்டம் அதுவே. மற்ற மென்பொருள்கள் நிறங்களை முன்பே பிடித்து வைத்திருந்தால் நெட்ஸ்கேப்புக்கு மிச்சம் கிடைக்காது; அப்போது அதைத் தனி நிறப்பட்டியலுடன் திறக்கும் இன்ஸ்டால் என்ற விருப்பத்தைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால், சுட்டி நெட்ஸ்கேப் சாளரத்துக்குள் நுழையும் கணத்தில் மற்றச் சாளரங்களெல்லாம் ஊதாவும் பச்சையுமாக நிறம் மாறும். வெளியே வந்ததும் பழையபடி ஆகும். முதல்முறை பார்ப்பவர்கள் திரை கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். அது கோளாறு இல்லை, ஒரே நிறப்பட்டியலை மாற்றி மாற்றி ஏற்றுவதால் வருவது. அகலத்தை 1100 ஆகக் குறைத்தால் நெட்ஸ்கேப்பின் ஓரப் பட்டைகளுக்கும் இடம் கிடைத்து, பக்கவாட்டில் உருட்ட வேண்டிய தேவை போய்விடும்.

விஎன்சி வழியாக மதகுக் கணினியின் திரையையே பழைய கணினியில் திறந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியும், வேகமாகவும் இருக்கும். ஆனால் அது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக டிவி பார்ப்பது போலத்தான். பழைய உலாவிக்கு அதில் வேலையே இல்லை. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிய வேண்டும்

ஆங்கிலப் பக்கங்கள் வந்தவுடன் வேலை முடிந்தது என்று பெரும்பாலான வழிகாட்டிகள் நிறுத்திக்கொள்ளும். நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. வெப்ஒன் வழியாக ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாகத் திரை முழுதும் அடைந்திருக்கும். யூனிக்கோட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப் 8 முறையில் மூன்று பைட்டுகள். அவற்றில் முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான். அந்தப் பைட்டை லத்தீன் எழுத்து என்று எண்ணிப் பழைய உலாவி காட்டுவதுதான் அந்தக் கோடு போட்ட ஏ.

பைட்டு சிக்கலைத் தீர்த்தாலும் எழுத்துகளை அமைக்கும் சிக்கல் நிற்கும். ‘நெல்லை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிக்கோட்டில் அது ந, அதன் பின் ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, மறுபடி ல, அதன் பின் ஐகாரக் குறி என ஆறு குறிகள், பதினெட்டு பைட்டுகள். கொம்பைப் பின்னால் எழுதி வைத்து, காட்டும்போது முன்னால் கொண்டுவர வேண்டியது எழுத்துகளை அமைக்கும் மென்பொருளின் பொறுப்பு. 1990-களின் எக்ஸ் விண்டோவில் அப்படிப்பட்ட மென்பொருளே இல்லை. அது குறிகளை வந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கும், அவ்வளவுதான்.

இதற்கு எளிய வழி டபிள்யூஆர்பி. எழுத்தமைப்பு முழுவதும் மதகில் நடந்து, படமாக வருவதால் பழைய கணினிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. மதகில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். புதிதாகப் போட்ட சிறிய லினக்ஸில் அது இருக்காது, பக்கம் முழுதும் வெற்றுக் கட்டங்களாக வரும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகும். எழுத்தின் அளவில் கவனம் வேண்டும். விளிம்புகளை மென்மையாக்க குரோமியம் சேர்க்கும் சாம்பல் நிறங்கள் 216 நிறங்களுக்குள் அடங்காமல் புள்ளிகளாகச் சிதறும்போது, சிறிய எழுத்துகளில் சுழிகள் அடைபட்டுப் போகின்றன. என் திரையில் ‘மணம்’ என்பதா ‘மனம்’ என்பதா என்று மூக்கைத் திரைக்கருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் ஒரே கறுப்புத் திட்டாக நின்றன. பக்கத்தைப் பெரிதாக்கும் அளவைக் கூட்டியதும் சுழிகள் பிரிந்தன. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது என்பதை வைத்தே அளவை முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. அதில் பழைய கணினி தானே தமிழைக் காட்டும். யூனிக்கோடு பரவுவதற்கு முன் இணையத்தில் தமிழ் எழுதியவர்களில் பலர் திஸ்கி என்னும் குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். அது ஓர் எழுத்து வடிவத்துக்கு ஒரே பைட்டு, கொம்பும் ஐகாரக் குறியும் கண்ணால் காணும் வரிசையிலேயே முன்னால் எழுதப்படும், புள்ளி வைத்த மெய்களுக்குத் தனி இடம் உண்டு. ஆகவே ‘நெல்லை’ ஐந்தே பைட்டுகளில் முடிந்துவிடும்: கொம்பு, ந, ல், ஐகாரக் குறி, ல. இடமிருந்து வலமாக அடுக்க மட்டும் தெரிந்த கணினிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வேறில்லை. அந்த நாளில் இதை வகுத்தவர்கள் நம் கையிலிருந்த இதே வகைக் கணினிகளின் குறையை அறிந்தே செய்தார்கள்.

லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் கருவிக்கு யூடிஎஃப் 8-இலிருந்து திஸ்கிக்கு மாற்றத் தெரியும் என்பது பலர் அறியாத செய்தி. ஆகவே மதகில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்: கேட்ட பக்கத்தை லிங்ஸ் போன்ற எழுத்துமுறை உலாவியால் வெறும் உரையாக இறக்கி, ஐகான்வ் வழியாக ஓட்டி, முன்னும் பின்னும் எளிய எச்டிஎம்எல் குறிகளைச் சேர்த்து மதகின் சொந்த வலைச் சர்வரில் வைக்க வேண்டும். திஸ்கியில் இடமில்லாத குறி ஒன்று வந்தால் ஐகான்வ் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால், அத்தகைய குறிகளை விட்டுவிடச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினியின் பக்கம், திஸ்கி எழுத்துரு ஒன்றை எக்ஸ் விண்டோவுக்குப் புரியும் வடிவுக்கு மாற்ற வேண்டும். மதகுக் கணினியிலேயே ஓடிஎஃப்2பிடிஎஃப் என்னும் கருவியால் ட்ரூடைப் எழுத்துருவைப் புள்ளிப்பட எழுத்துருவாக மாற்றி, 18 அல்லது 24 புள்ளி அளவில் எடுத்து, பழைய கணினிக்கு அனுப்புங்கள். அங்கே பிடிஎஃப்டுபிசிஎஃப், எம்கேஃபாண்ட்டிர் ஆகிய இரண்டு கட்டளைகளை ஓட்டி, எக்ஸ்செட் கட்டளையால் அந்தக் கோப்புறையை எழுத்துருப் பாதையில் சேர்க்க வேண்டும். எழுத்துருவின் நீண்ட பெயரின் இறுதியில் அது ஐஎஸ்ஓ 8859-1 வகை என்று எழுதியிருந்தால்தான் நெட்ஸ்கேப் அதைத் தன் பட்டியலில் காட்டும். அது லத்தீன் எழுத்துரு என்று நெட்ஸ்கேப் நம்பிக்கொண்டிருக்க, திரையில் தமிழ் வரும். அக்காலத் தமிழ் வாசகர்கள் பலர் செய்துவந்த ஏற்பாடுதான் இது. புள்ளிக்குப் புள்ளி வரையப்பட்ட எழுத்து என்பதால் சுழிகள் கூர்மையாக நிற்கின்றன, சாம்பல் நிறத் தொல்லை இல்லை, ஒரு நீண்ட கட்டுரை கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது.

ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லாதவர்கள் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலிருந்து தொடங்கலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சி, யூனிக்கோட்டுக்கு மாறுமுன் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் திஸ்கியில் வெளியிட்டது. அந்தக் கோப்புகளை மாற்றம் ஏதும் இல்லாமல் இந்தக் கணினியில் திறந்து படிக்கலாம். ஆங்கிலத்தில் தேட, பழைய கணினிகளுக்கென்றே மறையாக்கம் இல்லாமல் இயங்கும் ஃபிராக்ஃபைண்டு தேடுபொறியும், தலைப்புச் செய்திகளுக்கு 68கே நியூஸ் தளமும் மதகு இல்லாமலே கிடைக்கும். செர்னின் முதல் வலைத்தளமும் அப்படியே.

மதகு இல்லாமல் போக விரும்பினால்

கணினி தானே டிஎல்எஸ் பேச வேண்டும் என்று விரும்புவோர் 2024-இல் வெளியான நெட்பிஎஸ்டி 10 என்னும் இயங்குதளத்தை நிறுவலாம். 32 பிட் ஸ்பார்க்கை அது இன்னும் கைவிடவில்லை. சோலாரிஸில் அந்த வகைக் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு 9. நெட்பிஎஸ்டியில் லிங்ஸ், தில்லோ போன்ற இலகுவான உலாவிகள் ஓடும். சோலாரிஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ் ஆகியவற்றிலேயே இருக்க வேண்டுமென்றால், பழைய யூனிக்ஸ்களுக்கென்று டிஎல்எஸ்ஸைக் கொண்டுவரும் கிரிப்டோ ஆன்சியன் என்னும் நூலகம் இருக்கிறது. இவை மதிப்புக்குரிய முயற்சிகள். ஆனால் 110 மெகாஹெர்ட்ஸ் செயலியில், டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் சில நொடிகள் போகும், ஒரு பக்கத்துக்குப் பத்து இடங்களிலிருந்து துண்டுகள் வருமானால் அது பத்து மடங்காகும். தமிழ்ச் சிக்கலும் அப்படியே இருக்கும். நாள்தோறும் படிப்பதற்கு நான் மதகையே பரிந்துரைக்கிறேன்.

செய்யக் கூடாதவை

மதகுக்கும் பழைய கணினிக்கும் நடுவே எல்லாம் மறைப்பின்றிப் போகிறது. மதகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறது. வங்கிக் கணக்கு, ஆதார், மின்கட்டணம், மின்னஞ்சல் கடவுச்சொல் ஆகிய எதையும் இந்த வழியில் திறக்காதீர்கள். மதகின் வாசலை வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் திறந்து வையுங்கள். ரவுட்டரில் அதை வெளியுலகுக்குத் திறந்துவிட்டால், முகம் தெரியாதவர்கள் உங்கள் இணைப்பின் வழியாகத் தங்கள் வேலையை முடித்துக்கொள்வார்கள், கேள்வி வரும்போது உங்கள் வீட்டுக்கே வரும். மின்வெட்டு அடிக்கடி உள்ள இடங்களில் யுபிஎஸ் இல்லாமல் சோலாரிஸை ஓட்ட வேண்டாம். முறையாக நிறுத்தப்படாத வட்டு மறுமுறை எழும்போது நீண்ட சோதனையில் உட்கார்ந்துவிடும்.

காலைப் பக்கம்

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் நான் செய்த கடைசி வேலையை நீங்களும் செய்து பார்க்கலாம். மதகில் கிரான் ஏற்பாட்டின் மூலம் விடியற்காலை ஆறரை மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்படி வைத்திருக்கிறேன். அது மாவட்டச் செய்திப் பக்கம் ஒன்றை உரையாக இறக்கி, அதிலிருந்து அணைகளின் நீர்மட்டம் சொல்லும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, திஸ்கிக்கு மாற்றி, நான்கைந்து வரி கொண்ட ஒரு பக்கமாக எழுதி வைக்கிறது. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற எண்களை நான் அருகிலேயே நிலையாகப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தையே நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கமாக வைத்திருப்பதால், கணினி எழுந்ததும் முதலில் தெரிவது அதுதான். எழுத்து 24 புள்ளி அளவு; என் அப்பாவின் கண்ணுக்கு அதற்குக் குறைவாக இருந்தால் ஆகாது. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குச் சிறிது வயல் இருப்பதால், காபி தம்ளரோடு வந்து, “ஏல, பாவநாசம் இன்னைக்கு எத்தன அடி?” என்று முன்பெல்லாம் என்னைக் கேட்பார். இப்போது என்னைக் கேட்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரே சுட்டியைத் தொட்டுத் திரையை எழுப்பிக்கொள்கிறார்.